அட்மின் மிஸ்

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: அந்தரங்கம் இந்தியக் குடிமக்களின் அடிப்படை உரிமை, அரசியலமைப்பின் 21ஆவது பிரிவிலேயே அது அடங்கியிருக்கிறது. வழக்கைத் தொடுத்த கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆதாரை எதிர்த்து 2012இல் அவர் கோர்ட்டுப் படியேறியபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறவள் நான். பத்தாம் வகுப்புக் குடிமையியலில் அடிப்படை உரிமைகள் வரும் இடத்தில் இந்தப் புட்டசாமி கதையைப் போர்டு நிறைய எழுதிப்போட்டு நடத்துவேன். எண்பது வயசுக் கட்டத்தில் குரல் தழுதழுக்கும். பிள்ளைகள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்பார்கள்.

அதே வகுப்பின் வாட்ஸப் குரூப்பில், அரையாண்டுத் தேர்வு மார்க் பட்டியலை, ஃபெயிலானவர்களுக்குச் சிவப்பு வட்டம் போட்டு, போட்டோ எடுத்துப் போட்டவளும் நான்தான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு எல்லா அப்பாக்களும் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து.

கொஞ்ச நேரத்தில் ஒரு அப்பா போன் செய்தார். “மேடம், அந்த லிஸ்ட்ட எடுத்துடுங்க. என் மச்சான் பையனும் அதே கிளாஸ்தான். அங்க இருந்து போன் பண்ணிச் சிரிக்கிறாங்க.” பதறிப்போய் நீக்கினேன். இரண்டு தெரிவுகள் வந்தன, அவசரத்தில் மேலே எது, கீழே எது என்று பார்க்கவில்லை. என் போனிலிருந்து பட்டியல் மறைந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் வகுப்புக்குப் போனால், கடைசி பெஞ்சில் ஒருவனை மற்றவர்கள் “டேய் பதினேழு” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அழுத்தியிருந்தது ‘எனக்கு மட்டும் நீக்கு’. என்னைத் தவிர ஊர் முழுக்க அந்தப் பட்டியல் பத்திரமாக இருந்தது. எல்லோருக்கும் சேர்த்து நீக்கும் வசதி 2017 கடைசியில் வந்தபோது ஏழே நிமிடம்தான் அவகாசம். 2022இல் அதை இரண்டு நாளுக்கு மேல் நீட்டினார்கள். அந்த டிசம்பரில், ‘எனக்கு மட்டும்’ என்று தவறி அழுத்தியதைத் திரும்பப் பெற ஐந்து விநாடியும் கொடுத்தார்கள். என்னை மாதிரி ஆட்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள் என்று அதைப் படித்தபோது ஒரு ஆறுதல். பதினேழுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பள்ளியை விட்டுப் போகும்வரை அவன் பதினேழுதான்.

இந்த அட்மின் பதவி எனக்கு 2020இல் வந்தது. மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது, வீட்டுப்பாடம் வாங்கித் திருத்துவதற்கு வாட்ஸப்பை விட்டால் நாதியில்லை. சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் எழுதித் தந்திருந்த எண்களை ஒரே ராத்திரியில் குரூப்பில் ஏற்றினேன். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த எண்களை அவர்கள் தந்தது பிள்ளைக்கு அடிபட்டால் கூப்பிடுவதற்கு. நான் செய்தது, ஒவ்வொரு அம்மாவின் நம்பரையும் மற்ற எல்லா வீட்டுக்கும் திறந்துவிட்டது. ஒரு பையனின் அண்ணன் இன்னொரு பெண்ணின் அம்மாவுக்கு ‘ஹாய்’ அனுப்பியபோதுதான் எனக்கு அது உறைத்தது. பெண்ணுக்கு அனுப்புவதாக நினைத்துத்தான் அனுப்பியிருக்கிறான். அந்த அம்மா மீன் மார்க்கெட்டில் கூடை வைத்து விற்கிறவர். அவர் அனுப்பிய பதிலை இங்கே எழுத முடியாது. பையனின் அண்ணன் அன்றோடு திருந்தியிருப்பான் என்பது மட்டும் உறுதி.

பாடத்திட்டமும் பயிற்சி வகுப்பும் சொல்லித்தராத ஒன்று, எங்கள் பகுதியில் போன் ஆளுக்கு ஒன்று கிடையாது. காசிமேட்டில் விசைப்படகில் போகிற அப்பாவின் போன் அவரோடு கடலுக்குப் போய்விடும். ஆழ்கடலுக்குப் போனால் நாள் கணக்கில் சிக்னல் இல்லை. படகு கரைக்கு வந்ததும், நான் அனுப்பிய வீட்டுப்பாடம், நினைவூட்டல், நினைவூட்டலுக்கு நினைவூட்டல், கடைசி எச்சரிக்கை எல்லாம் வரிசையாக வந்து விழும். அவர் ஐஸ் பெட்டியை இறக்குவாரா, அக்பரின் நிலவரி முறையைப் பார்ப்பாரா? அந்தப் போன் ராப்பகலாக வீட்டில் கிடப்பது மீன்பிடித் தடைக்காலத்தில்தான். அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எங்களுக்கு அப்போது கோடை விடுமுறை.

கண்டெய்னர் லாரி ஓட்டுகிற இன்னொரு அப்பா, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுக கேட்டுக்காக வரிசையில் நின்றபடி வாய்ஸ் நோட் அனுப்புவார். பின்னணியில் ஏர் ஹாரன். “மேடம், பையன் தூங்கிட்டான். அந்தக் கேள்வி பதில நானே எழுதி அனுப்பிடட்டுமா?” வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எழுதச் சொன்னேன். பையனைவிட நல்ல கையெழுத்து.

நீல டிக் வந்தும் பதில் இல்லையென்றால் எனக்குக் கோபம் வரும். தகவலைத் தொட்டு, யார் எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்று பார்ப்பேன். படித்துவிட்டுப் பேசாமல் இருப்பவர் பட்டியல் தனியாக டைரியில். பள்ளி திறந்ததும் ஒரு பாட்டியம்மா வந்தார். “நான்தாம்மா போனைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன், புள்ள படம் வருதான்னு. எனக்குப் படிக்கத் தெரியாது.” டைரியில் அந்தப் பேரனின் பெயர் முதல் பக்கத்தில் இருந்தது.

சங்கடமான விஷயம் ஒன்று. எர்ணாவூரிலிருந்து வரும் ஒரு மாணவி மாதாமாதம் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, காய்ச்சல் என்று கடிதம் தருவாள். எனக்குள் இருந்த முற்போக்கு ஆசிரியை விழித்துக்கொண்டாள். குரூப்பில் போடக்கூடாது என்கிற அளவுக்கு அறிவு வந்திருந்ததால், தனியாக, அவள் நம்பருக்கு ஒரு வாய்ஸ் நோட். “வயித்து வலின்னா வயித்து வலின்னே எழுதும்மா, பீரியட்ஸ்னு சொல்றதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல.” இப்படி ஆரம்பித்து இரண்டு நிமிடத்துக்குக் குறையாத சொற்பொழிவு. மறுநாள் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வாரமும் பார்க்கவில்லை. பிறகு தோழி சொன்னாள்: “மிஸ், அது அவங்க ஹவுஸ் ஓனர் நம்பரு. அவங்க வூட்ல ஸ்பீக்கர்ல போட்டுட்டாங்க.”

செய்தி வாட்ஸப்பில் முனைக்கு முனை குறியாக்கம் செய்யப்பட்டுப் போகிறது, நடுவில் யாரும் படிக்க முடியாது என்று பிள்ளைகளுக்கு நான்தான் விளக்கியிருந்தேன். உண்மைதான், நடுவில் யாரும் படிக்கவில்லை. அந்த முனையில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊரில் ஒரு போனுக்குச் செய்தி அனுப்புவது, மெட்ரோ வாட்டர் லாரி வந்து நிற்கும்போது குடங்களுக்கு நடுவே நின்று பேசுவதற்குச் சமம்.

அந்தரங்கத்துக்கு மேலிடமும் வழி யோசிக்காமல் இல்லை. 2021 மே மாதம் பன்னிரண்டாம் வகுப்புக்கு வாட்ஸப் வழியே அலகுத் தேர்வு வைக்கச் சொன்னபோது, மாணவர்களுக்கும் மாணவியருக்கும் தனித்தனி குரூப் வையுங்கள் என்றார்கள். நல்ல யோசனையாக இருக்கிறதே என்று பத்தாம் வகுப்புக்கும் நான் பிரித்தேன். அண்ணன் தங்கை இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படிக்கிற வீடு, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் ஒரே கூரையில் இருக்கிற வீடு என்று சில போன்கள் இரண்டு குரூப்பிலும் இருந்தன. பெண்கள் குரூப்பில் எழுதியது ஐந்து நிமிடத்தில் பையன்கள் குரூப்புக்கு வந்தது, எழுத்துப்பிழை திருத்தப்பட்டு.

இவ்வளவு தூரம் பிள்ளைகளின் அந்தரங்கத்தைக் கந்தலாக்கியவளுக்குத் தன் அந்தரங்கத்தில் மட்டும் அக்கறை இருந்ததா என்றால், அதுவும் இல்லை. ஃபேஸ்புக்கில் மாணவர்கள் நட்புக் கேட்டபோதெல்லாம் சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டேன். ஆசிரியர் மாணவர் இடைவெளி குறைகிறதாம். ஏற்காடு போனபோது எடுத்த பழைய கூலிங்கிளாஸ் போட்டோவை யாரோ தோண்டியெடுத்து லைக் போட, காலையில் பிரேயரில் அணிவகுப்பு மொத்தமும் என்னைப் பார்த்துச் சிரித்தது. வாட்ஸப்பில் ‘லாஸ்ட் சீன்’ மறைக்கத் தெரியாத காலம் அது. “நைட் பத்து மணிக்கெல்லாம் தூங்கணும்” என்று புத்தி சொன்னதற்கு முதல் பெஞ்சிலிருந்து பதில் வந்தது: “மிஸ், நீங்க மட்டும் பன்னண்டே காலுக்கு ஆன்லைன்ல கீறீங்க?”

உச்சம் அந்த ஸ்டிக்கர். ஆன்லைன் வகுப்பில் ஒருநாள் நான் ‘பக்கிங்காம் கால்வாய்’ என்று சொல்லிக்கொண்டிருந்த நொடியில் எவனோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டான். வாய் கோணியிருக்கிறது, ஒரு கண் மூடியிருக்கிறது, கை மேலே. பின்னணியை வெட்டி, கீழே ‘இன்னாது?’ என்று எழுதி, ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். முதலில் ஒன்பதாம் வகுப்புக் குரூப்பில் வந்தது. பிறகு சக ஆசிரியர்கள் குரூப்பில், அனுப்பியவருக்கு அது நான் என்று தெரியாமலே. கடைசியில் எங்கள் குடும்பக் குரூப்பில், ராயபுரத்தில் இருக்கும் என் நாத்தனார், தங்கம் விலை கூடியதற்கு எதிர்வினையாக என் முகத்தையே எனக்கு அனுப்பினார். “அண்ணி, யாரோ உங்கள மாதிரியே கீறாங்க இல்ல?” என்று ஒரு குறிப்பும்.

கோபத்தில் வகுப்பில் போய்க் கத்தினேன். அனுமதி இல்லாமல் ஒருத்தர் போட்டோவை எடுப்பது குற்றம், சைபர் கிரைம், தெரியுமா என்றெல்லாம். பெண் பிள்ளைகள் வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். மரியாதையாகத்தான் கேட்டாள். “மிஸ், விளையாட்டு விழா அன்னிக்கு நான் கீழ விழுந்த போட்டோவ நீங்க ஸ்டேட்டஸ்ல வெச்சீங்களே, அது?”

வைத்திருந்தேன். ‘விழுந்தாலும் எழுவோம்’ என்று வாசகம் போட்டு, ஒரு பூ எமோஜியும் சேர்த்து. கிழிந்த பாவாடை அந்தப் படத்தில் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்று நான் கவனிக்கவில்லை. அவளும் அவள் தெருவும் கவனித்திருந்தார்கள். “உட்காரும்மா” என்றேன். அன்றைக்குப் பாடம் நடத்தியது எதுவும் எனக்கு நினைவில்லை.

இப்படியெல்லாம் இருந்தால் குரூப்பைக் கலைத்துவிட வேண்டியதுதானே? கலைக்கத்தான் இருந்தேன். 2023 டிசம்பர் வந்தது. முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் வந்து படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குப் போகிற கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று மக்கள் கைக்குழந்தைகளோடு ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். டிவியில் செய்தி வருவதற்கு முன்னால் எங்கள் குரூப் விழித்துக்கொண்டது. எந்தப் பக்கம் ஓடலாம், யார் ஆட்டோ வைத்திருக்கிறார்கள், ஈரத்துணியால் மூக்கை மூடுங்கள் என்று அதே அப்பாக்களும் அம்மாக்களும் பேசினார்கள். வருகைப் பதிவேட்டை எடுத்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் பக்கத்துப் பிள்ளைகள் பெயரை ஒவ்வொன்றாகப் போட்டு, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். விடிவதற்குள் எல்லாப் பெயருக்கும் பதில் வந்துவிட்டது. யாரிடமும் கேட்காமல் ஒரே ராத்திரியில் ஏற்றிய எண்கள்தான் அன்று உதவின. இது என் குற்ற உணர்ச்சிக்குப் பெரிய இடைஞ்சல்.

அந்த ராத்திரியிலும் என் கை சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்த ஒரு மாணவியின் போட்டோவைச் சொந்தக்காரர் யாரோ குரூப்பில் போட்டார். ‘பிரார்த்தனை செய்யுங்கள்’ என்று எழுதி ஆசிரியர்கள் குரூப்புக்கு அனுப்பினேன். அங்கிருந்து எங்கெங்கு போனதோ. பெண் தேறி வீட்டுக்கு வந்தபின் அவள் அம்மா கேட்டார்: “எம் பொண்ணு மயங்கிக் கெடந்தத ஊரே பார்த்துச்சு டீச்சர். யாரு அனுப்பினாங்கன்னு தெரியுமா?” தெரியாது என்று சொன்னேன். இந்தப் பத்தியை அவர் படித்தால் இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்த ஆண்டு, 2024 அக்டோபர் 25 அன்று, திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் ஏதோ வாயுவின் நெடியில் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். கைத்தாங்கலாகக் கூட்டிப்போகிற வீடியோ எனக்குப் பல குரூப்புகளிலிருந்து வந்தது. இந்த முறை நான் யாருக்கும் அனுப்பவில்லை. பாராட்ட வேண்டாம், போனில் சார்ஜ் இல்லை. சார்ஜ் ஏறியபோது எல்லோரும் பார்த்து முடித்திருந்தார்கள்.

பெரிய கம்பெனிகள் தகவலைத் திருடுகின்றன என்று ஆசிரியர் அறையில் அடிக்கடிப் பேசுவோம். பேசுவதற்கு விஷயமும் இருக்கிறது. கொரோனா காலத்தில் 49 நாடுகளில் பயன்பட்ட கல்விச் செயலிகளை ஆராய்ந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், பத்தில் ஒன்பது குழந்தைகளின் அந்தரங்கத்துக்கு ஆபத்தானவை என்று 2022இல் அறிக்கை வெளியிட்டது. நம் ஒன்றிய அரசின் திக்‌ஷா செயலியும் அதில் உண்டு. 2023 ஜனவரியில், பூட்டாமல் விடப்பட்ட ஒரு சேமிப்பகத்தில் திக்‌ஷாவின் ஏறக்குறைய 6 லட்சம் மாணவர்கள், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் விவரங்கள் திறந்து கிடந்தது வெளிவந்தது. பயிற்சிக்காக அதில் பதிந்தவள் நானும். ஆசிரியர் அறையில் அன்று பயங்கர ஆவேசம். “நம்ம பேரு, ஈமெயில் எல்லாம் வெளியில போயிடுச்சாமே, என்ன அநியாயம்!” என்று அதிகம் கத்தியது யார் என்று சொல்லத் தேவையில்லை. கத்தியபடியே என் வகுப்புப் பெண்களின் பிறந்த தேதியும் ஆதார் எண்ணும் இருந்த எக்செல் கோப்பை, சரிபார்க்கச் சொல்லிப் பெற்றோர் குரூப்பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள், அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், அதுவும் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல். குழந்தைகள் விஷயத்தில் கடமை தவறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை. இந்த எண்ணைப் படித்ததும் பி.எஃப். இருப்பு நினைவுக்கு வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியப் பிரிவுகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம். பிள்ளைகளின் நடவடிக்கையைக் கண்காணிப்பதில் கல்வி நிலையங்களுக்குச் சில விலக்குகள் உண்டு என்று படித்தபோது என் முகம் மலர்ந்தது. படிப்புக்காகவும் பாதுகாப்புக்காகவும் கண்காணிக்கலாமாம். கீழே விழுந்தவளை ஸ்டேட்டஸில் வைப்பது இந்த இரண்டில் எதில் வரும் என்று விதிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எதிலும் வரவில்லை.

கேரளத்தில் 2024 கடைசியில், பாடக் குறிப்புகளை வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள், வகுப்பிலேயே நடத்துங்கள் என்று மேல்நிலைப் பள்ளிகளுக்குச் சொல்லிவிட்டார்கள். எண்ணூரில் ஒரு குழாய் கசியும் ராத்திரிக்குக் குரூப் வேண்டும். மற்ற ராத்திரிகளில் அது எதற்கு என்பதுதான் என் கேள்வி. யோசித்துப் பார்த்தால் என் குரூப்பில் போனதில் முக்கால்வாசி, மறுநாள் வகுப்பில் வாயால் சொல்லியிருக்கக்கூடியது. மீதியில் பாதி, சொல்லவே கூடாதது.

இப்போது என் குரூப்பில் அட்மின் மட்டுமே எழுத முடியும். மழை லீவு, தேர்வு நேரம், ஆபத்து, அவ்வளவுதான். மார்க்கைத் தாளில் எழுதி, மடித்து, பிள்ளையின் கையில் தருகிறேன். ஆண்டு முடிந்ததும் எல்லோரையும் நீக்கிவிட்டுக் குரூப்பையும் அழித்துவிடுகிறேன். 2020இல் தொடங்கிய அந்த முதல் குரூப் மட்டும் இன்னும் உயிரோடிருக்கிறது. நான் போன் மாற்றியபோது கணக்கும் போய்விட்டது, அட்மின் பொறுப்பை வாட்ஸப்பே வேறு யாருக்கோ தந்துவிட்டது. அதில் இன்னும் மார்க் பட்டியல் இருக்கிறதாம்.

உங்கள் பிள்ளையின் வகுப்பாசிரியர் மார்க் பட்டியலையோ போட்டோவையோ குரூப்பில் போட்டால், தனியாகக் கூப்பிட்டு, எடுத்துவிடச் சொல்லுங்கள். முகம் சுளிப்போம், ‘எல்லா ஸ்கூல்லயும் இப்படித்தான்’ என்போம், அதற்காக விட்டுவிடாதீர்கள். நாங்கள் நீக்கிவிட்டோம் என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். உங்கள் போனை எடுத்து ஒருமுறை பாருங்கள்.